பழைய ரோல் ஃபிலிம் காமிரா வாங்கப் போகிறவர்களுக்கு

நம் சங்கத்து இளைஞர்கள் இரண்டு மூன்று பேர் இந்த ஒரு வருஷத்துக்குள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "அங்கிள், பழைய ஃபிலிம் காமிரா ஒண்ணு வாங்கணும். பெரிய ஃபிலிம் போடுற மாதிரி. ஏமாறாம வாங்கறது எப்படி?" கையிலிருக்கும் போனில் ஆயிரம் படம் எடுக்கிற பிள்ளைகளுக்குப் பன்னிரண்டே படம் எடுக்கும் பெட்டி மேல் ஏன் இந்த ஆசை என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அதே ஆசை நாற்பது வயதில் வந்தது. ஏமாந்தும் இருக்கிறேன். ஆகவே மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, இதையே எழுதித் தருகிறேன் என்றேன்.

முதலில் 'பெரிய ஃபிலிம்' என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கோடக் கம்பெனி 1901-ல் தன் பிரௌனி காமிராவுக்காக, இன்று 120 எனப்படும் ஒரு சுருள் ஃபிலிமைக் கொண்டுவந்தது. ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் அகலம்; பின்னால் வெளிச்சம் புகாத காகிதம்; ஒரு ஸ்பூலிலிருந்து இன்னொரு ஸ்பூலுக்குச் சுற்றிக்கொண்டு போகும். அதே 120 சுருள் இன்றைக்கும் விற்கிறது. சதுரப் படமாக எடுத்தால் ஒரு சுருளில் பன்னிரண்டு. ஒவ்வொரு நெகட்டிவும் 56 மி.மீ.க்கு 56 மி.மீ. நாம் எல்லோரும் ஒரு காலத்தில் உபயோகித்த 35 மி.மீ. ஃபிலிமின் படத்தைவிடப் பரப்பில் மூன்றரை மடங்குக்கும் மேல். நம் வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் தாத்தா பாட்டி படங்களில் பல இந்த அளவில் எடுத்தவைதான். உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஓடிக்கொண்டிருந்த நாளில் 'இந்து' என்ற பெயரில் இந்தச் சுருள் நம் நாட்டிலேயே தயாரானது. அந்தத் தொழிற்சாலை மூடியாகிவிட்டது. இன்று வருவதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. ஒரு கலர் சுருளும் கழுவி ஸ்கேன் எடுக்கும் கூலியும் சேர்ந்தால் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். கோளாறான காமிராவை வாங்கினால் ஒவ்வொரு சுருளுக்கும் இந்த தண்டம் அழுதாக வேண்டும்.

பழைய சந்தையில் நம் கண்ணில் அதிகம் படுவது இரட்டை லென்ஸ் காமிரா. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். இடுப்பளவில் வைத்துக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டும். மேல் லென்ஸ் நாம் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் எடுப்பதற்கு. ஜெர்மனியில் 1929-ல் வந்த ரோலிஃபிளெக்ஸ்தான் இந்த ஜாதிக்கு மூத்தவர். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரரான ஹோமாய் வியாரவாலா டில்லியில் ரோலிஃபிளெக்ஸ் வைத்துப் படமெடுத்தவர். நம் ஊர் ஸ்டுடியோக்களில் ரோலி வாங்க வசதி இல்லாதவர்கள் ஜப்பானிய யாஷிகா வைத்திருந்தார்கள். அதுவும் இல்லையென்றால் சீனத்து ஸீகல். கல்யாண வீடியோ வந்து, பிறகு டிஜிட்டல் வந்து, அந்த ஸ்டுடியோக்கள் கைகழுவிய காமிராக்கள்தான் இப்போது மும்பை போரா பஜாரிலும், சோர் பஜாரிலும், டில்லி சாந்தினி சௌக்கிலும், கல்கத்தா மெட்ரோ கல்லியிலும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. தொழில் செய்து தேய்ந்தவை. அதை மறக்கக் கூடாது.

இனி என் கதை. 2007-ல் அப்பாவுக்கு சதாபிஷேகம். மாட்டுங்காவில் ஹால் பிடித்திருந்தோம். வீட்டில் டிஜிட்டல் காமிரா இருந்தது, தம்பி எடுப்பான். ஆனால் அப்பா அம்மா இருவரையும் நானே ஒரு நல்ல ரோல் ஃபிலிமில், பழைய ஸ்டுடியோ படம் மாதிரி எடுத்து, பெரிசாகப் போட்டு மாட்ட வேண்டும் என்று எனக்கு வெறி. மூன்று மாதம் முன்பே ஒரு யாஷிகாமேட் 124ஜி வாங்கினேன். கடைக்காரர் "ஏக்தம் மிண்ட் ஹை ஸாப்" என்றார். பார்க்கவும் அப்படித்தான் இருந்தது. கறுப்புத் தோல் பளபளவென்று, ஒரு கீறல் இல்லை. நான் ஒன்றும் முழு அசடு இல்லை; ஒரு சுருள் போட்டு மெரின் டிரைவில் நல்ல வெயிலில் எடுத்துப் பார்த்தேன். படம் பிரமாதம். தைரியமாக விழாவுக்கு எடுத்துப் போனேன். ஹாலுக்குள் வெளிச்சம் குறைவு, ஆகவே லென்ஸை முழுசாகத் திறந்து, ஐந்தடி தூரத்தில் நின்று, குனிந்து, அப்பாவின் கண்ணைப் பார்த்து ஃபோகஸ் செய்து எடுத்தேன். கழுவி வந்த நெகட்டிவைப் பார்த்தால், அப்பா முகம் மசமச. பின்னால் இருந்த கலசத்தின் மேல் சுற்றிய நூல் ஒவ்வொரு இழையாகத் தெரிகிறது. பன்னிரண்டில் எட்டுப் படம் அப்படி. அடுத்த வருஷம் அப்பா போய்விட்டார்.

என்ன நடந்திருக்கிறது? எனக்கு முன் யாரோ மேல் லென்ஸில் பூஞ்சை பிடித்திருப்பதைப் பார்த்து, கழற்றித் துடைத்துத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அந்த லென்ஸ் மரையில் எவ்வளவு தூரம் உள்ளே போய் உட்கார வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. அதைப் பார்க்காமல் ஏதோ ஒரு இடத்தில் இறுக்கிவிட்டார்கள். மேல் லென்ஸ் கொஞ்சம் வெளியே தள்ளி நின்றது. அதில் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் இரண்டு லென்ஸும் பொருத்தியிருக்கும் முகப்புப் பலகை கூடுதலாக உள்ளே போக வேண்டும். அப்படிப் போனால் கீழ் லென்ஸ் இன்னும் தூரத்துப் பொருளுக்கு ஃபோகஸ் ஆகிவிடும். நான் அப்பாவைப் பார்த்தேன், காமிரா கலசத்தைப் பார்த்தது. மெரின் டிரைவில் ஏன் தெரியவில்லை என்றால், அங்கே வெயிலுக்காகத் துவாரத்தை எஃப் 11-க்குச் சுருக்கியிருந்தேன். துவாரம் சின்னதானால் முன்னும் பின்னும் வெகுதூரம் தெளிவாக விழும். ஃபோகஸ் பிசகை அது மூடி மறைத்துவிட்டது. வெயிலில் எடுத்த சோதனைப் படத்தை நம்பாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து ரூபாய் டிரேசிங் பேப்பர் போதும். இரட்டை லென்ஸ் காமிரா எதை வாங்கினாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். காமிராவின் பின்கதவைத் திறங்கள். ஃபிலிம் படியும் இடத்தில் படச்சட்டத்தை ஒட்டி இரண்டு தண்டவாளம் மாதிரி இருக்கும். சில காமிராவில் உள்பக்கம் ஒரு ஜோடி, வெளிப்பக்கம் ஒரு ஜோடி. ஃபிலிம் படிவது உள் ஜோடியில். அதன் மேல் டிரேசிங் பேப்பரைச் சுருக்கமில்லாமல் இழுத்து செல்லோடேப்பால் ஒட்டுங்கள். ஷட்டரை 'பி'-யில் வைத்து, துவாரத்தை முழுசாகத் திறந்து, பட்டனை அமுக்கிப் பிடித்தால் கீழ் லென்ஸ் வழியாக வரும் காட்சி பேப்பரில் தலைகீழாக விழும். கடை வாசலிலிருந்து எதிர்சாரி போர்டு ஒன்றை மேலே கண்ணாடியில் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு பின்னால் பேப்பரில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இரண்டிலும் எழுத்து ஒரே நேரத்தில் கூர்மையாக வர வேண்டும். அப்புறம் ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு நியூஸ் பேப்பரை நிறுத்தி அதே மாதிரி. கடைசியாக, ஃபோகஸ் திருகை முடிவிலிக் குறிக்குக் கொண்டுபோய், கண்ணுக்கு எட்டிய தூரத்துக் கட்டடத்தைப் பாருங்கள். மேல் கண்ணாடியில் அது கலங்கலாகத் தெரிந்தால் மேல் லென்ஸ் இடம் மாறியிருக்கிறது. என் காமிராவில் இந்தக் கடைசிச் சோதனை ஒன்றைச் செய்திருந்தாலே ஒரு நிமிஷத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும். இன்னொரு தடயமும் கண்முன்னே இருந்தது: மேல் லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் இரண்டு சின்னக் கீறல், ஏதோ கருவி வழுக்கிய மாதிரி. தோல் பளபளப்பில் மயங்கி அதை நான் பார்க்கவில்லை.

ஆகவே வெளித்தோற்றம் என்றால் நான் முதலில் பார்ப்பது ஸ்குரூக்களின் தலையை. பெயிண்ட் உதிர்ந்து பித்தளை தெரிவது கையில் புழங்கியதற்கு அடையாளம், குறை இல்லை. ஸ்குரூ தலை மழுங்கியிருந்தால் தெரியாத கை உள்ளே போயிருக்கிறது. மூலையில் நசுங்கல் இருந்தால் கீழே விழுந்தது. முகப்புப் பலகை சாய்ந்திருக்கலாம். மேலிருந்து பார்த்து, ஃபோகஸ் திருகைச் சுற்றும்போது பலகை நாலு மூலையும் சமமாக வெளியே வருகிறதா என்று கவனியுங்கள். பிறகு, சிரிக்காதீர்கள், தோல் உறையை மோந்து பாருங்கள். மழைக்காலத்தில் அலமாரியில் வைத்த பழைய புஸ்தக வாடை வந்தால் லென்ஸில் பூஞ்சை இருக்க வாய்ப்பு அதிகம். தோல் உறைதான் பூஞ்சைக்குத் தாய்வீடு. வாங்கினாலும் உறையைத் தனியாக வையுங்கள்.

லென்ஸைப் பார்ப்பதற்குப் பகல் வெளிச்சம் போதாது. 'பி'-யில் ஷட்டரைத் திறந்து பிடித்து, பின்பக்கமிருந்து போன் டார்ச்சை அடித்து, முன்னாலிருந்து கொஞ்சம் சாய்வாகப் பாருங்கள். எந்தப் பழைய லென்ஸிலும் தூசி நட்சத்திரம் மாதிரி மின்னும். பயப்பட வேண்டாம், படத்தில் வராது. சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டுப் போனால் அது பூஞ்சை. நம் மும்பை, சென்னை, கல்கத்தா ஈரக்காற்றில் இது சர்வ சாதாரணம். ஓரத்தில் லேசாக இருந்தால் நல்ல மெக்கானிக் துடைத்துவிடுவார். ரொம்ப நாள் பட்டது கண்ணாடியின் பூச்சையே அரித்திருக்கும், துடைத்தாலும் தடம் போகாது. ஊதுவத்திப் புகை படிந்த மாதிரி சீராக மங்கலாக இருந்தால் அது வேறு. உள்ளே எண்ணெய் ஆவியாகிப் படிந்தது. பெரும்பாலும் துடைத்தால் போகும். லென்ஸ் ஓரத்தில் வானவில் நிறத்தில் வளையம் தெரிந்தால் இரண்டு கண்ணாடியை ஒட்டிய பசை விட்டுக்கொண்டிருக்கிறது. அதை வாங்காதீர்கள், ஒட்டித் தருகிற ஆள் நம் ஊரில் கிடைப்பது கஷ்டம். முன் கண்ணாடியில் ஒரே ஒரு கீறல் பெரிய விஷயமில்லை. ஆனால் வேட்டி நுனியால் தினம் துடைத்த மாதிரி நூற்றுக்கணக்கில் மெல்லிய கோடுகள் இருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படமெல்லாம் வெளிறிப் போகும். மேல் லென்ஸில் பூஞ்சை இருந்தால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. பேரம் பேச மட்டும் உபயோகப்படும்.

அடுத்தது ஷட்டர். இந்த வகைக் காமிராக்களில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே, மெல்லிய இரும்பு இதழ்களாக இருக்கிறது. கம்பூர், கோப்பால், ஸெய்கோஷா என்று முகப்பிலேயே பெயர் எழுதியிருக்கும். ஒரு வினாடி, அரை வினாடி போன்ற மெதுவான வேகங்களை ஒரு சின்னப் பல்சக்கர வரிசை கட்டுப்படுத்துகிறது. பழைய எண்ணெய் பிசினாகிவிட்டால் முதலில் மாட்டிக்கொள்வது இந்தச் சக்கரங்கள். ஒரு வினாடியில் வைத்துத் தட்டினால் 'கிர்ர்ர்' என்று ஒரே சீராகச் சத்தம் வந்து 'டக்' என்று முடிய வேண்டும். நடுவில் திணறினால் சர்வீஸ் செலவு உண்டு.

இதில் கடைக்காரர்கள் செய்யும் ஒரு தந்திரம் உண்டு. தந்திரம் என்றுகூடச் சொல்லக் கூடாது, அவர்கள் பழக்கமே அது. நாம் கேட்டதும் காமிராவை எடுத்து, பேசிக்கொண்டே பத்து இருபது முறை தட்டிவிட்டுத்தான் நம் கையில் கொடுப்பார்கள். தட்டத் தட்ட பிசின் இளகி ஷட்டர் ஒழுங்காக ஓட ஆரம்பிக்கும். நமக்கு வேண்டியது ஒரு வாரம் சும்மா இருந்த காமிராவின் முதல் தட்டு. "நானே பாக்கறேன், குடுங்க" என்று வாங்கி, முதல் வேலையாக ஒரு வினாடியைச் சோதியுங்கள். இல்லையென்றால் பேரத்தைப் பாதியில் விட்டு, டீ குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து மறுபடி தட்டுங்கள்.

காதை நம்பாதவர்களுக்கு இப்போது போன் இருக்கிறது. பெரும்பாலான போன்களில் வினாடிக்கு 240 சட்டம் எடுக்கும் ஸ்லோமோஷன் உண்டு. பின்கதவைத் திறந்து, காமிராவை விளக்கைப் பார்க்க வைத்து, பின்னாலிருந்து வீடியோ எடுத்துக்கொண்டே தட்டுங்கள். பிறகு ஷட்டர் திறந்திருக்கும் சட்டங்களை எண்ணுங்கள். 1/15 என்றால் 16 சட்டம், 1/30 என்றால் 8. பதினாறுக்குப் பதில் முப்பது வந்தால் ஷட்டர் பாதி வேகத்தில் ஓடுகிறது. 1/500-ஐ இப்படி அளக்க முடியாது, அளக்கவும் வேண்டாம். அந்த வயதுக் காமிராவில் 1/350 வந்தாலே பெரிய சமாச்சாரம். நெகட்டிவ் ஃபிலிம் அந்த வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும். செல்ஃப் டைமரை மட்டும் தொடாதீர்கள். பாதியில் நின்று ஷட்டரையே பூட்டிவிட்டால் பழி நம் மேல் விழும்.

காமிராவிலேயே உள்ள வெளிச்சமானிக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். 124ஜி-யில் இருப்பது 1.35 வோல்ட் பாதரச பாட்டரியை நம்பியது. அந்த பாட்டரி தயாரிப்பே நின்றுவிட்டது. பழைய ரோலியில் இருக்கும் செலீனியம் மானி பெரும்பாலும் கண்மூடியிருக்கும். போனில் இலவசமாகக் கிடைக்கிற மானியே போதும்.

ஃபிலிம் ஓட்டத்தைப் பார்க்க, காலாவதியான சுருள் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். போட்டு, கதவை மூடி, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை சுற்றுங்கள். சுற்றும்போது கரகரப்பு, வழுக்கல் இருக்கிறதா என்று கை சொல்லிவிடும். இடைவெளி சரியா என்று பார்க்க, ஒவ்வொரு எண்ணிலும் கதவைத் திறந்தால் எண்ணி மறுபடி தொடக்கத்துக்குப் போய்விடும். அதற்கு நிஜமாக ஒரு சுருள் எடுத்துக் கழுவித்தான் ஆக வேண்டும். ரோலிஃபிளெக்ஸ் ஆட்டோமேட் வகையில் ஒரு வேடிக்கை. காகிதம் முடிந்து ஃபிலிம் தொடங்கும் இடத்தில் தடிமன் கூடுவதை ஒரு உருளை தொட்டு உணர்ந்துதான் எண்ணி ஓடத் தொடங்கும். ஆகவே ஃபிலிம் இல்லாத வெறும் காகிதத்தை வைத்துச் சோதித்துவிட்டு 'எண்ணி வேலை செய்யவில்லை' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நான் போயிருக்கிறேன். 124ஜி-யில் பின்கதவின் அழுத்துத் தகடு 12, 24 என்று இரண்டு நிலைக்கு நகரும். 24 என்பது 220 சுருளுக்கு. அது இப்போது அரிது. 12-ல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கதவு ஓரத்தில் கறுப்பு ஸ்பாஞ்ச் இருந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள். தார் மாதிரி ஒட்டினால் மாற்ற வேண்டும், சின்னச் செலவுதான். மடக்கும் காமிராக்களில் துருத்திதான் பிரச்சினை. அக்ஃபா ஐசோலெட் போன்றவற்றில் மடிப்பு மூலைகளில் ஊசித் துளை சகஜம். இருட்டில் துருத்திக்குள் டார்ச்சை விட்டுப் பார்த்தால் நட்சத்திரம் மாதிரி தெரியும். கடையில் இருட்டுக்கு எங்கே போவது? போரா பஜார் கடை ஒன்றில் டாய்லெட்டைக் கேட்டு வாங்கி உள்ளே போய்ச் சோதித்தேன். சேட் சிரித்தார், ஆனால் விலையில் கொஞ்சம் குறைத்தார்! அதே ஐசோலெட்டில் பழைய பச்சை கிரீஸ் சிமெண்ட் மாதிரி இறுகி முன் லென்ஸ் சுற்றவே சுற்றாது, பலவந்தப்படுத்த வேண்டாம். பழைய கோடக் என்றால் 620 சுருள் காமிராவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிலிம் ஒன்றுதான், ஸ்பூல்தான் மெலிது. 120 ஸ்பூல் அதில் சுலபத்தில் உட்காராது.

ஹாஸல்பிளாட் வாங்குகிற அளவுக்கு வசதி உள்ளவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். அதில் ஃபிலிம் பெட்டி தனியாகக் கழலும். பெட்டியின் எண்ணின் கடைசி மூன்று இலக்கமும் உள்ளே இருக்கும் சட்டகத்தின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு பெட்டியைக் கலந்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். சீரியல் எண்ணுக்கு முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து வரும். அது தயாரித்த வருஷம். 'வி.எச். பிக்சர்ஸ்' என்ற பத்து எழுத்தும் வரிசையாக ஒன்று முதல் ஒன்பது, கடைசி எழுத்து பூஜ்யம். யு என்றால் 7, ஐ என்றால் 4, ஆக யு.ஐ. என்பது 1974. நம் சங்கீதக்காரர்கள் கடபயாதியில் 'தீர' என்றால் 29-வது மேளம் சங்கராபரணம் என்று கணக்குப் போடுவார்களே, அதே வித்தைதான், சுவீடன்காரர்கள் செய்தது. இன்னொன்று: பாடியும் லென்ஸும் இரண்டுமே முறுக்கேற்றிய நிலையில் இருந்தால்தான் லென்ஸைக் கழற்றவோ மாட்டவோ வேண்டும். மாறினால் சிக்கிக்கொள்ளும். கடையில் நீங்களே கழற்றாமல் அவரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் ஒரு வாரம் திருப்பித் தரும் உறுதியைக் கேட்டு வாங்குங்கள். அந்த வாரத்தில் 100 ஏ.எஸ்.ஏ. கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்று போடுங்கள். மேகமில்லாத பகலில் திறந்த நிழலில் ஒரே சுவரை எஃப் 4-ல் 1/250, எஃப் 5.6-ல் 1/125, எஃப் 8-ல் 1/60, எஃப் 11-ல் 1/30, எஃப் 16-ல் 1/15, எஃப் 22-ல் 1/8 என்று ஆறு படம் எடுங்கள். ஆறிலும் விழும் வெளிச்சம் ஒன்றே. நெகட்டிவ்கள் ஆறும் ஒரே கறுப்பாக வந்தால் ஷட்டரும் துவாரமும் சரி. ஒன்று மட்டும் கறுத்தால் அந்த வேகம் மெதுவாக ஓடுகிறது. மீதி ஆறு படத்தை வீட்டு மனிதர்களை முழுத் துவாரத்தில், ஐந்தடியிலிருந்து, கண்ணைப் பார்த்து எடுங்கள். விழா அன்றைக்கு அல்ல, அதற்கு முன்னால்.

என் யாஷிகா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பிற்பாடு ஒரு வயதான மிஸ்திரியிடம் கொண்டுபோனபோது, மேல் லென்ஸின் மூன்று பொடி ஸ்குரூவைத் தளர்த்தி, ஒரு சுற்றுக்கும் குறைவாகத் திருகி, கண்ணாடி வைத்துப் பார்த்து இறுக்கினார். இருபது நிமிஷ வேலை. போன தீபாவளிக்குப் பேத்தியை அதில் எடுத்தேன், இமை மயிர் எண்ணலாம்.

ஒன்று விட்டுப்போயிற்று. பணம் கொடுக்கும் முன் காமிராவுக்குள் ஒரு காலி 120 ஸ்பூல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சும்மாவே தருவார்கள். அது இல்லாமல் முதல் சுருளைப் போடவே முடியாது.